ரன்டவுன்: அரை மணி நேரச் செய்தியின் விநாடிக் கணக்கு

மாலை 7 மணிச் செய்தி 7:30-க்கு முடிந்தாக வேண்டும். அடுத்த நிகழ்ச்சியின் டைட்டில் 7:30:00-க்கு ஓடும்படி எம்சிஆரில், அதாவது சேனலின் மொத்த ஒளிபரப்பையும் வெளியே அனுப்பும் அறையில், ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்குள் ஆங்கர் வணக்கம் சொல்லி முடிக்காவிட்டால், வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே செய்தி வெட்டுப்படும். அந்த முப்பது நிமிடத்தில் எந்தச் செய்தி, எந்த வரிசையில், எந்த வடிவத்தில், எத்தனை விநாடி என்று முடிவுசெய்து, எழுதித் திருத்தி, ஒளிபரப்பின் நடுவிலும் மாற்றிக்கொண்டே இருப்பவர்தான் புரொடக்‌ஷன் ஜர்னலிஸ்ட். தமிழ்ச் செய்திச் சேனல்களில் இந்தப் பெயர் அபூர்வம். புல்லட்டின் புரொடியூசர், ரன்டவுன் புரொடியூசர், உதவி ஆசிரியர், அல்லது வெறுமனே ‘அவுட்புட் டெஸ்க்’ என்பார்கள். அடையாள அட்டையில் என்ன போட்டிருந்தாலும் வேலை ஒன்றுதான்.

செய்தி அறை பொதுவாக இரண்டு பக்கமாக இயங்கும். செய்தியைக் கொண்டுவருவது இன்புட்: மாவட்டச் செய்தியாளர்கள், கேமராமேன்கள், அவர்களை ஏவும் அசைன்மென்ட் டெஸ்க். வந்ததைத் திரைக்கு அனுப்புவது அவுட்புட். புரொடக்‌ஷன் ஜர்னலிஸ்ட் உட்கார்ந்திருப்பது இந்த இரண்டாவது பக்கத்தில். அவர் சம்பவ இடத்துக்குப் போவதில்லை, முகமும் திரையில் வராது. ஆனால் ஆங்கர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வரிக்கும், கீழே ஓடும் ஒவ்வொரு எழுத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு முழுவதும் ஒரே அட்டவணையில் குவிந்திருக்கிறது. அதன் பெயர் ரன்டவுன்.

முதல் வாரத்தில் எல்லோரும் ரன்டவுனைச் செய்திகளின் பட்டியல் என்றே நினைப்பார்கள். அது பட்டியல் அல்ல, நேரக் கணக்குப் புத்தகம். ஐநியூஸ், ஈஎன்பிஎஸ், ஆக்டோபஸ் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி இருக்கும். அதில் வரிசை எண், ஸ்லக், வடிவம், வாசிக்கும் ஆங்கர், கணித்த நேரம், கிளிப் தயாரா இல்லையா என்ற நிலை, கிராஃபிக்ஸ் எண். வரியைத் திறந்தால் ஸ்கிரிப்ட். இங்கே நீங்கள் வரிசையை மாற்றினால் ஆங்கர் பார்த்து வாசிக்கும் பிராம்ப்டர், கிராஃபிக்ஸ் கணினி, காட்சி சர்வர் மூன்றும் சேர்ந்து மாறும்படி இணைத்திருப்பார்கள். வசதிதான். ஒரு தவறு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் தெரிவதும் அதனால்தான்.

ஸ்லக் என்பது செய்திக்கு வைக்கும் வீட்டுப் பெயர். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அதிலேயே முதல் பள்ளம் இருக்கிறது. ஒரே நாளில் மேட்டூரிலிருந்து அணை நீர்வரத்து ஒன்று, சாலை விபத்து ஒன்று வந்தால், ‘மேட்டூர்’ என்று இரண்டு கிளிப் சர்வரில் நிற்கும். ஆங்கர் அணையைப் பற்றிச் சொல்ல, திரையில் கவிழ்ந்த லாரி ஓடும். ‘மேட்டூர் நீர்வரத்து’, ‘மேட்டூர் லாரி’ என்று இரண்டு சொல் வைத்திருந்தால் போதும்.

வடிவங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கர் காட்சியில்லாமல் வாசிப்பது ஆங்கர் ரீட். அவர் வாசிக்க, மேலே காட்சி ஓடுவது ஆங்கர் விஷுவல். அதன் முடிவில் ஒருவர் பேசினால் அது பைட். செய்தியாளரின் குரலும் காட்சியும் பைட்டும் சேர்த்து முன்கூட்டியே வெட்டி முடித்தது பேக்கேஜ். அதற்கு ஆங்கர் வாசிக்கும் முன்னுரை லீட். செய்தியாளர் களத்திலிருந்து பேசினால் லைவ். படம் இல்லாமல் தொலைபேசிக் குரல் மட்டும் என்றால் ஃபோனோ. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நேரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் ‘இது பேக்கேஜுக்குத் தாங்குமா, ஆங்கர் விஷுவல் போதுமா?’ என்ற கேள்வி டெஸ்க்கில் நாள் முழுக்கக் கேட்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கையில் 30:00. விளம்பரத்துக்கு 1994-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7(11) ஓர் உச்சவரம்பு வைக்கிறது: மணிக்கு 12 நிமிடம், அதில் வணிக விளம்பரம் 10, சேனலின் சொந்த விளம்பரம் 2. அரை மணிக்குப் பாதியாகப் பிரித்தால் 6 நிமிடம். நம் புல்லட்டினில் இரண்டரை நிமிட இடைவேளை இரண்டு, ஆக 5:00. தொடக்க டைட்டிலும் ஐந்து தலைப்புச் செய்திகளும் 1:15. கடைசியில் தலைப்புச் செய்திகள் மறுபடியும் 0:45. வணக்கமும் முடிவு டைட்டிலும் 0:15. ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் ‘இடைவேளைக்குப் பிறகு’ என்று காட்டும் டீஸ் 15 விநாடி, இரண்டுக்கு 0:30. மொத்தம் 7:45 போனது. செய்திக்கு மிஞ்சுவது 22:15.

இதில் பேக்கேஜ் நான்கு, தலா 1:30, லீட் தலா 0:20. அது 7:20. லைவ் இரண்டு, தலா 2:00, லீட் 0:20 சேர்த்து 4:40. இதுவரை 12:00. பைட் சேர்ந்த ஆங்கர் விஷுவல் ஐந்து, தலா 0:50, ஆக 4:10. வெறும் ஆங்கர் விஷுவல் பத்து, தலா 0:35, ஆக 5:50. கூட்டினால் 22:00. கையில் மிச்சம் பதினைந்து விநாடி. இருபத்தொரு செய்தி போட்டுவிட்டோம், மூச்சுவிடப் பதினைந்து விநாடி. புதியவர்கள் இந்த இடத்தில் இன்னொரு சின்னச் செய்தியைத் திணிப்பார்கள். திணிக்காதீர்கள். ஆங்கர் மாறும்போதும் கேமரா மாறும்போதும் ஓரிரு விநாடி கசியும். இருபத்தொரு இடத்தில் கசிந்தால் அந்தப் பதினைந்து காணாமல் போய்விடும்.

இந்தக் கணக்கை முன்னாலிருந்து கூட்டினால் மட்டும் போதாது. பின்னாலிருந்து கழித்தும் வைக்க வேண்டும். அதற்கு பேக் டைமிங் என்று பெயர். முடிவு 7:30:00. வணக்கத்துக்கு 0:15, எனவே அது 7:29:45-க்குத் தொடங்க வேண்டும். மறு தலைப்புச் செய்தி 0:45, அது 7:29:00-க்கு. கடைசிச் செய்தி வானிலை, 0:35, அது 7:28:25-க்கு. அதற்கு முந்தியது தங்கம் விலை, 7:27:50-க்கு. இப்படிக் கீழிருந்து மேலே ஒவ்வொரு வரிக்கும் ‘இந்த நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும்’ என்று ஓர் எண் கிடைத்துவிடும். மென்பொருள் தானாகவே போடும் என்றாலும் கையால் ஒருமுறை போட்டுப் பழகியவருக்குத்தான் கண்ட்ரோல் ரூமில் கை நடுங்காது.

பழக வேண்டிய காரணம் இது. இரண்டு நிமிடம் என்று ஒதுக்கிய லைவ் 3:10 ஓடிவிட்டது. மாவட்ட ஆட்சியர் நடுவில் வந்து பேசினார், வெட்ட முடியவில்லை. இப்போது புல்லட்டின் 70 விநாடி கூடுதல். எதை எடுப்பது? 35 விநாடி ஆங்கர் விஷுவல் இரண்டைத் தூக்கினால் சரியாக 70. எந்த இரண்டு என்பதை 6:45-க்கே முடிவுசெய்து ரன்டவுனில் குறித்து வைத்திருக்க வேண்டும். நல்ல ரன்டவுனில் கழற்றிவிடக்கூடிய பெட்டிகள் எப்போதும் கடைசிப் பகுதியில் இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. லைவ் இணைப்பு கிடைக்காமலே போனால் 2:20 பள்ளம் விழும். அதற்கு மாலைக்குள் பழசாகாத இரண்டு ஆங்கர் விஷுவலும் ஒரு பேக்கேஜும் ‘ஸ்டாண்ட்பை’யாக ரன்டவுனின் அடியில் கிடக்க வேண்டும்.

காதுக்கு எழுதுவது

ஆங்கிலத்தில் விநாடிக்கு மூன்று சொல் என்று ஒரு விதி சொல்வார்கள். தமிழுக்கு அது உதவாது. ‘வந்துகொண்டிருப்பதாகவும்’ என்பது ஒரே சொல்; அதை வாசிக்க ஒரு விநாடிக்கு மேல் பிடிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஆங்கர் 100 சொல் கொண்ட செய்தியை எத்தனை விநாடியில் வாசிக்கிறார் என்று இரண்டு மூன்று முறை அளந்து, அந்த எண்ணை மென்பொருளில் அவர் பெயருக்கு எதிரே கொடுத்துவிடுங்கள். காலை ஆங்கரும் இரவு ஆங்கரும் ஒரே வேகத்தில் வாசிப்பதில்லை.

தமிழில் வினை கடைசியில் வரும். அச்சில் அது அழகு, திரையில் ஆபத்து. ‘அமைச்சர் உடனடியாகப் பதவி விலக வேண்டும் என எதிர்க்கட்சிகள் வலியுறுத்தியுள்ளன’ என்ற வரியில் யார் சொன்னது என்பது தெரிய மூன்று நான்கு விநாடி ஆகிறது. அதற்குள் சேனலே பதவி விலகச் சொல்வதுபோல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுந்துவிடும். பேசியவரை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘எதிர்க்கட்சிகள் வைக்கும் கோரிக்கை, அமைச்சரின் பதவி விலகல்.’ மறுப்பும் அதேபோல் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘கைது செய்யப்படவில்லை’ என்பதில் செய்தியே ‘வில்லை’யில் இருக்கிறது. ஆடியோ ஆபரேட்டர் அடுத்த பைட்டை அரை விநாடி முன்னால் திறந்தால் அந்த ‘வில்லை’ காணாமல் போய், கைது நடந்துவிட்டதாகிவிடும். ‘இதுவரை யாரும் கைதாகவில்லை’ என்று எழுதினால் ‘யாரும்’ என்ற இடத்திலேயே மறுப்பு வருகிறது என்று காது தயாராகிவிடும்.

எண்களை பிராம்ப்டரில் எழுத்தால் எழுதுங்கள். 1,50,000 என்று பார்த்தால் ஆங்கர் ஒரு கணம் தடுமாறுவார். ‘ஒன்றரை லட்சம்’ என்றால் தடுமாற மாட்டார். சரியான எண் திரைக்கு, உருண்டை எண் காதுக்கு. கிராஃபிக்ஸில் 18,500 கன அடி இருக்கட்டும், ஆங்கர் ‘பதினெட்டாயிரத்துக்கு மேல்’ என்று சொல்லட்டும்.

அணைச் செய்தியைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் தமிழ்ச் செய்தியில் அதிகம் பிழைபடும் இடம் இது. நீர்மட்டம் அடியில், இருப்பு டிஎம்சியில், வரத்தும் திறப்பும் விநாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ‘அணையில் 18 ஆயிரம் கன அடி நீர் இருப்பு’ என்று எழுதினால் அது ஒரு பெரிய குளத்துக்குக்கூடக் காணாது. ‘விநாடிக்கு’ என்ற சொல்லை இடம் போதவில்லை என்று கிராஃபிக்ஸ் ஆபரேட்டர் எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை. டெல்டா விவசாயி இந்த எண்ணைப் பார்த்துத்தான் நாற்று விடுவதா வேண்டாமா என்று கணக்குப் போடுகிறார்.

ஊர்ப் பெயரும் இதே வகை. ஊத்துக்கோட்டை திருவள்ளூர் மாவட்டம், ஊத்துக்குளி திருப்பூர் மாவட்டம், ஊத்தங்கரை கிருஷ்ணகிரி மாவட்டம். ஆரணி என்றால் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியா, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியா? மாவட்டத்தைச் சேர்த்தே ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். சந்தேகம் என்றால் அனுப்பிய செய்தியாளரையே கூப்பிட்டுக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் மறுபடி படித்துப் பார்ப்பதில் பலனில்லை.

பைட் சேர்க்கும்போது ஸ்கிரிப்ட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: முதல் சொற்கள், கடைசிச் சொற்கள், நேரம். பேசுபவர் ஒரே சொற்களை இரண்டு முறை சொல்லியிருந்தால் ‘இரண்டாவது முறை’ என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ட்ரோல் ரூமில் முதல் முறையிலேயே வெட்டிவிடுவார்கள். 15 முதல் 20 விநாடி பைட் போதும். அவர் சொல்லப்போவதையே லீடில் சொல்லிவிட்டு அவரைப் பேசவிடுவது டெஸ்க்கின் சோம்பல், வேறொன்றுமில்லை. காட்சியைப் பொறுத்தவரை, 35 விநாடி வாசிப்புக்கு 45 விநாடி வெட்டித் தரச் சொல்லுங்கள். நம் ஒளிபரப்பில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம். கிளிப் முடிந்து ஐந்தாறு ஃபிரேம் கறுத்தாலே கண்ணுக்குத் தெரியும், பத்து விநாடி வால் இருந்தால் அந்தக் கவலை இல்லை. பழைய காட்சி என்றால் அது ஓடும் நேரம் முழுக்க ‘கோப்புக் காட்சி’ என்று திரையில் நிற்க வேண்டும். 2015 வெள்ளக் காட்சியை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைச் செய்திக்குள் குறிப்பில்லாமல் கலந்தால் அது பொய்ச் செய்தி.

திரையின் கீழே வரும் எழுத்துப் பட்டைக்கு ஒரு எளிய சோதனை: அது நிற்கும் நேரத்துக்குள் நீங்கள் நிதானமாக இரண்டு முறை படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் நீளம். பழைய கிராஃபிக்ஸ் கருவிகள் சிலவற்றில் யுனிகோடு எழுத்தை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும், ‘கொ’ பிரிந்து நிற்கும், ‘ஸ்ரீ’ உடைந்துபோகும். ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீரங்கம் வரும் நாளில் பட்டையை முன்கூட்டியே திரையில் எழுப்பிப் பார்த்துவிடுங்கள்.

கண்ட்ரோல் ரூமில்

6:55-க்கு நீங்கள் பிசிஆரில், அதாவது புல்லட்டினை இயக்கும் கண்ட்ரோல் ரூமில் இருக்க வேண்டும். கேமராவையும் கிளிப்பையும் மாற்றும் ஸ்விட்ச்சர், ஆடியோ, பிராம்ப்டர், கிராஃபிக்ஸ், சர்வர் என ஐந்து பேராவது சுற்றி இருப்பார்கள். ஆங்கர் காதில் ஒலிக்கும் டாக்பேக் உங்கள் கையில். அதில் பேச நல்ல நேரம் பேக்கேஜ் ஓடும்போது. ஆங்கர் வாசிக்கும்போது பேச வேண்டியே வந்தால் மூன்று நான்கு சொல்லுக்குள்: ‘பதினாலு இல்லை, பதினைஞ்சு.’ காரணம் விளக்காதீர்கள். வாசித்துக்கொண்டே கேட்பவருக்கு உங்கள் காரணம் இரைச்சல்.

ஓடிக்கொண்டிருக்கும் செய்தியின் ஸ்கிரிப்ட்டையும் அடுத்ததையும் தொடக் கூடாது. திருத்திச் சேமித்தால் பிராம்ப்டர் துள்ளி வேறு வரிக்குப் போகலாம். பிழை கண்ணில் பட்டால் டாக்பேக்கில் சொல்லுங்கள், எழுத்தில் கை வைக்காதீர்கள். பிராம்ப்டரே நின்றுபோகும் நாளும் வரும், அதனால் அச்சிட்ட ஸ்கிரிப்ட் ஆங்கர் மேசையில் வரிசையாக இருக்க வேண்டும். கிளிப் வராமல் ஆங்கர் முகம் திரையில் உறைந்து நின்றால் சொல்ல வேண்டிய வரி ஒன்றுதான்: ‘இந்தச் செய்தியின் விவரங்கள் சற்று நேரத்தில்.’ அடுத்ததுக்குப் போய்விடுங்கள். இரண்டாவது முறை அதே கிளிப்பைக் கூப்பிடும் முன் சர்வர் ஆபரேட்டர் ‘வந்துவிட்டது’ என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

லைவில் ஒரு தாமதம் இருக்கும். செல்போன் இணைப்புகளைச் சேர்த்து அனுப்பும் பேக்பேக் கருவியில் ஓரிரு விநாடி ஆகலாம். ஆங்கர் கேள்வி கேட்டபின் செய்தியாளர் சிலைபோல் நிற்பது அதனால்தான். கேள்வி காதில் விழும்வரை கேமராவைப் பார்த்து நிற்கவும், விழுந்ததும் நேராகப் பதிலுக்குப் போகவும் செய்தியாளரிடம் முன்பே சொல்லுங்கள். அவர் காதுக்குப் போகும் ஒலியில் அவருடைய சொந்தக் குரல் கலந்திருந்தால், தாமதமாகத் தன் குரலையே கேட்டுத் திக்கத் தொடங்குவார். லைவுக்கு முன் ஆடியோவிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது: ‘அவர் குரலைக் கழித்து அனுப்புகிறீர்களா?’

பிரேக்கிங் வரும்போது ரன்டவுன் கலையும், கலையட்டும். கலையக் கூடாதது உறுதிப்படுத்தும் ஒழுங்கு. 2016 டிசம்பர் 5 மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா காலமானதாகச் சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்போலோ மருத்துவமனை உடனே மறுத்தது. கொடி மறுபடி ஏறியது. மருத்துவமனை அறிவித்த மரண நேரம் அன்றிரவு 11:30. இறங்கிய கொடி இரண்டாவது ஆதாரம்போலத் தெரிந்தது, ஆனால் தொலைக்காட்சியைப் பார்த்தே கொடி இறங்கியிருந்தால் அது இரண்டாவது ஆதாரமே அல்ல. ஒருவர் இறந்துவிட்டார் என்று போட மருத்துவமனை, அரசு, குடும்பம் இவற்றில் ஒன்று நேரடியாகச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு சேனலின் பட்டை ஆதாரம் ஆகாது.

சட்டம் நேராக டெஸ்க்குக்கு வந்து நிற்கும் சில இடங்கள் உண்டு. போக்சோ சட்டம் 2012, பிரிவு 23: பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதுவும் வரக் கூடாது. முகத்தை மங்கலாக்கிவிட்டு, தாயின் முகத்தைக் காட்டினால் மங்கலாக்கியதற்குப் பொருளில்லை. பள்ளிச் சீருடை, வீட்டு முகப்பு, தெருப் பலகை, குரல் எல்லாவற்றையும் பாருங்கள். மங்கலாக்குவது கிளிப்பிலேயே வெட்டி முடித்ததாக இருக்க வேண்டும். ஒளிபரப்பின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் விடாதீர்கள். மறைக்காத மூலக் காட்சியை சர்வரில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து யாரோ கோப்புக் காட்சியாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட எவருக்கும் இதேபோன்ற தடையை குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72 வைக்கிறது. தேர்தலில், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் வாக்காளர் மனத்தைத் திருப்பும் தேர்தல் விஷயங்களைத் தொலைக்காட்சியில் காட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 126 தடை விதிக்கிறது. குற்றவாளி என்ற சொல் தீர்ப்புக்குப் பிறகுதான். அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர்.

7:30 ஆனதும் எழுந்துவிட முடியாது. கணித்த நேரத்தையும் உண்மையில் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1:30 என்று எழுதிய பேக்கேஜ் தொடர்ந்து 1:44 ஓடினால் எடிட்டரிடம் பேச வேண்டும். ஆங்கர் ஒவ்வொரு செய்தியிலும் மூன்று விநாடி மிச்சப்படுத்துகிறார் என்றால் வாசிப்பு வேக எண்ணை மாற்ற வேண்டும். பிறகு இரவு புல்லட்டினுக்குப் போகும் ஸ்கிரிப்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், ஏனென்றால் 7 மணிப் பிழையைத் திருத்தாமல் நகலெடுத்தால் அது 10 மணிக்கும் வாசிக்கப்படும். ‘சற்றுமுன்’, ‘இன்று மாலை’ போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். நள்ளிரவு தாண்டி ஓடும் மறு ஒளிபரப்பு இருந்தால் ‘இன்று’ எல்லாம் ‘நேற்று’ ஆகிவிட்டதா என்று பார்ப்பது, இரவுப் பணியில் கடைசியாக வீட்டுக்குக் கிளம்புபவர் வேலை.